அலுவலக டாக்கர் ரெஜிஸ்ட்ரிக்கு ஹெச்டிடிபிஎஸ்: ரிவர்ஸ் ப்ராக்ஸி வைத்துச் சரியாகச் செய்வது எப்படி?

பெருங்குடி_பில்ட்

வணக்கம். பெருங்குடி அலுவலகத்தில் ஒரு உபுண்டு சர்வரில் டாக்கர் ரெஜிஸ்ட்ரி 2 (டாக்கர் இமேஜ்களை, அதாவது கட்டிய மென்பொருள் தொகுப்புகளைச் சேமித்துப் பகிரும் சர்வர்) ஓடுகிறது, போர்ட் 5000. அதே சர்வரில் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டால் புஷ் (ஏற்றுவது), புல் (இறக்குவது) இரண்டும் வேலை செய்கின்றன. பக்கத்து லேப்டாப்பிலிருந்து புஷ் செய்தால் "சர்வர் கேவ் ஹெச்டிடிபி ரெஸ்பான்ஸ் டு ஹெச்டிடிபிஎஸ் கிளையன்ட்" என்று நின்றுவிடுகிறது.

டேமன் ஜேசன் கோப்பில் இன்செக்யூர் ரெஜிஸ்ட்ரீஸ் பட்டியலில் ஐபியைச் சேர்த்தால் போதும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த வழி வேண்டாம், முறையான ஹெச்டிடிபிஎஸ் வேண்டும்.

நிலவரம்: பிராட்பேண்டில் நிலையான பப்ளிக் ஐபி கிடையாது. ரவுட்டரின் வான் (வெளி இணைய) பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் முகவரி தெரிகிறது. சொந்த டொமைன் இருக்கிறது, அதன் டிஎன்எஸ் சேவைக்கு ஏபிஐ உண்டு. இருபது பேர், பாதிப் பேர் தாம்பரம், ஆவடி என்று வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். இமேஜ்கள் பெரியவை, ஒரே லேயர் (இமேஜின் ஒரு அடுக்கு) 2 ஜிபி தாண்டும். எதிலிருந்து தொடங்கலாம்?

---

கூவம்கரை

முதலில் அந்தப் பிழை. 127 என்று தொடங்கும் லூப்பேக் முகவரிகளுக்கு மட்டும் டாக்கர் விலக்குக் கொடுக்கிறது; அங்கே வெறும் ஹெச்டிடிபி போதும். வேறு எந்த முகவரியானாலும் டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கம்) எதிர்பார்க்கும். அதனால்தான் சர்வரில் ஓடுவது பக்கத்து மேசையில் ஓடவில்லை.

இன்செக்யூர் பட்டியலைத் தவிர்ப்பது சரியான முடிவு. டாக்கர் லாகின் அனுப்பும் பெயரும் பாஸ்வேர்டும் பேஸ்64 வடிவில் போகின்றன. அதில் எந்த மறைப்பும் இல்லை, வழியில் பிடிப்பவர் ஒரே கட்டளையில் படித்துவிடுவார். இமேஜையே மாற்றிவிட முடியும் என்பது இன்னும் மோசம். லேயர்களை டாக்கர் ஷா256 டைஜஸ்ட் வைத்துச் சரிபார்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் லேட்டஸ்ட் மாதிரி டேக் போட்டு இழுக்கும்போது, எந்த டைஜஸ்ட் சரி என்று சொல்லும் மேனிஃபெஸ்ட்டும் அதே திறந்த வழியில் வருகிறது. அதை மாற்றியவருக்கு மற்றச் சரிபார்ப்புகள் தடையே இல்லை. இன்னொன்று: அந்தப் பட்டியலில் உள்ள முகவரி ஹெச்டிடிபிஎஸ்ஸில் பதில் சொன்னாலும் டாக்கர் அதன் சான்றிதழைச் சோதிக்காது. நாளை ஹெச்டிடிபிஎஸ் போட்ட பிறகும் பட்டியலிலிருந்து எடுக்காமல் விட்டால் பாதுகாப்பு இல்லை என்றுதான் பொருள்.

அமைப்பு இப்படி இருக்கட்டும்: 443-ல் ரிவர்ஸ் ப்ராக்ஸி (கோரிக்கைகளை முதலில் வாங்கிப் பின்னால் உள்ள சேவைக்குக் கடத்தும் நிரல்) மட்டும் வெளியே முகம் காட்டும். ரெஜிஸ்ட்ரி அதன் பின்னால் ஹெச்டிடிபியில் 5000-ல் இருக்கும். தனி சப்டொமைன் கட்டாயம். ரெஜிஸ்ட்ரியின் ஏபிஐ எப்போதும் டொமைனின் வேரில் வி2 என்ற பாதையில்தான் இருக்க வேண்டும் என்று கிளையன்ட் எதிர்பார்க்கும். ஏற்கனவே உள்ள இணையதளத்தின் கீழ் ஒரு துணைப் பாதையில் வைக்க முயன்றால், அந்தப் பாதையை டாக்கர் இமேஜ் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். இனி ரெஜிஸ்ட்ரி.உதாரணம்.இன் என்று வைத்துப் பேசலாம்.

---

பூட்டுச்சாவி

கூவம்கரை சொன்னதில் "ரெஜிஸ்ட்ரி பின்னால்" என்பதை அழுத்திச் சொல்றேன். டாக்கர் ரன்ல 5000:5000 என்று போட்டிருந்தா அது எல்லா இன்டர்ஃபேஸ்லயும் திறந்திருக்கும். யூஎஃப்டபிள்யூல (உபுண்டு ஃபயர்வால்) 5000-ஐ டினை பண்ணியிருக்கோம்னு நிம்மதியா இருக்காதீங்க. டாக்கர் தன் போர்ட் விதிகளை ஐபிடேபிள்ஸ் நாட் அட்டவணையில நேரா எழுதுது. பாக்கெட் அங்கேயே கன்டெய்னருக்குத் திருப்பப்பட்டு ஃபார்வர்ட் வழியில போயிடும். யூஎஃப்டபிள்யூ காவல் நிக்கிற இன்புட் வழியை அது தொடவே தொடாது.

127.0.0.1:5000:5000 என்று கட்டுங்க. ப்ராக்ஸியும் கன்டெய்னரா இருந்தா போர்ட்டே வெளியிட வேண்டாம். ரெண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்ல போட்டு சர்வீஸ் பெயரால கூப்பிட்டா போதும். கட்டாயம் ஃபயர்வால் விதி வேணும்னா டாக்கர்-யூசர் என்ற செயின்ல எழுதுங்க, அதை டாக்கர் அழிக்காது.

முடிச்சதும் வேற மெஷின்ல இருந்து சர்வர் ஐபி 5000-க்கு கர்ல் அடிச்சுப் பாருங்க. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" வரணும். யூஎஃப்டபிள்யூல டினை இருந்தா டைம்அவுட் ஆகலாம். ரெஜிஸ்ட்ரி பதில் சொன்னா மேல போகாதீங்க.

---

நாவலூர்_நெட்

சான்றிதழ் பற்றி. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் கேரியர் கிரேடு நாட் (சிஜிநாட்: ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும் முறை) என்பதற்கென ஒதுக்கப்பட்டவை. உங்கள் 100.72 அதற்குள் விழுகிறது. வெளியிலிருந்து போர்ட் 80-க்கோ 443-க்கோ யாரும் உங்களை வந்து சேர முடியாது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் பயனில்லை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் ஹெச்டிடிபி-01 சோதனை போர்ட் 80-ஐத் தேடி வரும் என்பதால் அது கைவிடப்பட வேண்டியது.

டிஎன்எஸ்-01 உங்களுக்காகவே இருக்கிறது. டொமைனுக்கு முன்னால் அண்டர்ஸ்கோர் அக்மி-சேலஞ்ச் என்று சேர்த்த பெயரில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு வைத்தால் அதைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். சர்வரை யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை. சர்ட்பாட்டில் (சான்றிதழ் வாங்கிப் புதுப்பிக்கும் நிரல்) உங்கள் டிஎன்எஸ் சேவைக்கான ப்ளக்இன்னை நிறுவி ஏபிஐ டோக்கனைக் கொடுங்கள். டோக்கன் அந்த ஒரு டொமைன் மண்டலத்தை மட்டும் மாற்றும்படி இருக்கட்டும், கோப்பின் அனுமதி 600. சேவை அப்படிக் குறுக்க விடவில்லை என்றால், அக்மி-சேலஞ்ச் பெயரை சிநேம் (மாற்றுப் பெயர் ரெக்கார்டு) மூலம் வேறொரு சிறு டொமைனுக்குத் திருப்பிவிட்டு அந்த டொமைனின் டோக்கனை மட்டும் சர்வரில் வைக்கலாம். முக்கிய டொமைனின் சாவி அலுவலக சர்வரில் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் ஓட்டம் ஸ்டேஜிங் சர்வரில். ஒரே பெயர்த் தொகுதிக்கு 7 நாளில் 5 சான்றிதழ் என்ற வரம்பு உண்டு. சோதனை செய்துகொண்டே அதைத் தீர்த்துவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏ ரெக்கார்டு உங்கள் உள் ஐபிக்கே காட்டலாம், 192.168 ஆனாலும் சரி. ஒரு சிக்கல் மட்டும் வரும்: சில ரவுட்டர்கள், முக்கியமாக ஓபன்டபிள்யூஆர்டி, டிஎன்எஸ் ரீபைண்டிங் பாதுகாப்புக்காக, பொது டிஎன்எஸ்ஸிலிருந்து தனியார் முகவரி பதிலாக வந்தால் தூக்கி எறிந்துவிடும். சிலருக்கு மட்டும் "நோ சச் ஹோஸ்ட்" என்று வந்தால் அங்கே பாருங்கள். டிஎன்எஸ்மாஸ்க்கில் அந்த டொமைனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் தீரும்.

---

பூட்டுச்சாவி

கூடவே: பொதுச் சான்றிதழ் வாங்கின நிமிஷமே அந்தப் பெயர் சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி பதிவுகள்ல ஏறிடும். யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம். உள் ஐபிக்குக் காட்டினா பெரிய கவலை இல்லை. பொது ஐபியில வைக்கிறவங்க, சான்றிதழ் வாங்கறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டு போட்டு முடிங்க.

---

கூவம்கரை

என்ஜின்எக்ஸ் (ப்ராக்ஸியாகவும் ஓடும் வெப் சர்வர்) அமைப்பு. கிடைக்கும் மாதிரிக் கோப்பைக் கண்ணை மூடி ஒட்டுவதில் பயனில்லை; ஒவ்வொரு வரியும் ஒரு குறிப்பிட்ட தோல்வியைத் தடுக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் நாளை எது உடைந்தாலும் கண்டுபிடிக்கலாம்.

கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்: 0. என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி. லேயர் ஒன்று அதைத் தாண்டினால் 413 வரும். 0 என்றால் வரம்பே இல்லை. 10ஜி என்று ஒரு எண் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. என்றாவது ஒருநாள் அதையும் ஒரு லேயர் தாண்டும்.

ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங்: ஆஃப். இது ஆனில் இருந்தால் முழு லேயரையும் முதலில் தன் தற்காலிக ஃபோல்டரில் எழுதி முடித்துவிட்டுத்தான் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பத் தொடங்கும். ஐந்து லேயர் ஒரே நேரத்தில் ஏறும், அதுதான் டாக்கரின் இயல்பு எண்ணிக்கை. ஒவ்வொன்றும் 2 ஜிபி என்றால் 10 ஜிபி ரூட் பார்ட்டிஷனில் போய் உட்காரும். ரெஜிஸ்ட்ரிக்கான டிஸ்க் காலியாக இருந்தும் 500 பிழை வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இறக்கும் திசைக்கு ப்ராக்ஸி பஃபரிங்கையும் ஆஃப் செய்யுங்கள். தற்காலிகக் கோப்பின் இயல்பு உச்சம் 1 ஜிபி, மெதுவான இணைப்பில் பெரிய லேயர் இழுக்கும்போது அந்த இடத்தில் திணறும்.

ப்ராக்ஸி ஹெச்டிடிபி வெர்ஷன்: 1.1. துண்டு துண்டாக வரும் பாடியை அப்படியே கடத்த இது வேண்டும்.

ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்: 900. இயல்பு 60 விநாடி. பெரிய லேயர் ஏறி முடிந்ததும் ரெஜிஸ்ட்ரி டைஜஸ்ட் கணக்கிட்டுச் சேமிக்கும் நேரத்தில் எந்த பைட்டும் திரும்பி வராது. மெதுவான டிஸ்க்கில் 60 விநாடி அங்கேயே போய்விடும், 504 வரும்.

இனி ஹெடர்கள். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். புஷ் தொடங்கும்போது கிளையன்ட் ஒரு போஸ்ட் அனுப்பும். ரெஜிஸ்ட்ரி பதிலில் லொகேஷன் ஹெடரில் "இந்த முகவரிக்கு லேயரை அனுப்பு" என்று ஒரு முழு முகவரி கொடுக்கும். அந்த முகவரியை அது தானாக அறியாது; வந்த கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரையும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரையும் வைத்துக் கட்டும். ப்ரோட்டோ வரவில்லை என்றால் ஹெச்டிடிபி என்றே கட்டும். லாகின் ஆகும், புல் ஆகும், புஷ் மட்டும் விழும். அந்த மூன்றும் சேர்ந்த அறிகுறியைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எனவே ஹோஸ்ட் ஹெடருக்கு டாலர் ஹெச்டிடிபி-ஹோஸ்ட் மாறியைக் கொடுங்கள். டாலர் ஹோஸ்ட் கொடுத்தால் போர்ட் எண் உதிர்ந்துவிடும், 8443 மாதிரி வேறு போர்ட்டில் வைப்பவர்களுக்குப் புஷ் 443-ஐத் தேடி ஓடும். எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவுக்கு டாலர் ஸ்கீம். எக்ஸ்-ரியல்-ஐபியும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபாரும் பதிவேட்டுக்காக.

சான்றிதழ் வரியில் ஃபுல்செயின் கோப்பைக் காட்டுங்கள், சர்ட் என்ற தனிக் கோப்பை அல்ல. இடைநிலைச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பிரவுசர் பல நேரம் தானாகத் தேடிச் சமாளிக்கும், எச்சரிக்கை எதுவும் காட்டாது. டாக்கர் அப்படித் தேடாது: "சர்டிஃபிகேட் சைன்ட் பை அன்நோன் அத்தாரிட்டி". டிஎல்எஸ் 1.2, 1.3 இரண்டும் போதும்.

ரெஜிஸ்ட்ரி பக்கம் ஒன்றே ஒன்று: ரெஜிஸ்ட்ரி ஹெச்டிடிபி சீக்ரெட் என்ற சூழல் மாறியில் நீளமான தற்செயல் எழுத்துத்தொடர் கொடுங்கள். இல்லையென்றால் தொடங்கும்போதெல்லாம் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பாதியில் இருந்த அப்லோடுகள் செல்லாமல் போகும். இரண்டு ரெஜிஸ்ட்ரி வைத்துச் சுமை பகிர்பவர்கள் இரண்டிலும் ஒரே சீக்ரெட் வைக்காவிட்டால் புஷ் சில நேரம் ஓடும், சில நேரம் விழும்.

---

எளியவழி

இவ்வளவும் தேவையா ப்ரோ? கேடி (Caddy, இன்னொரு வெப் சர்வர்) போட்டா கோப்பு ரெண்டே வரி. டொமைன் பெயர், உள்ளே ரிவர்ஸ் ப்ராக்ஸி 127.0.0.1:5000. ஹோஸ்ட் ஹெடரை மாத்தாம அனுப்பும், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ தானே வைக்கும், பாடி அளவுக்கு வரம்பு கிடையாது, சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பிக்கும். டிஎன்எஸ்-01 வேணும்னா மட்டும் உங்க டிஎன்எஸ் சேவைக்கான மாட்யூல் சேர்த்த பைனரி எடுக்கணும், சாதாரண பைனரியில அது இருக்காது.

---

கூவம்கரை

புது சர்வர், வேறு எதுவும் ஓடவில்லை என்றால் எளியவழி சொல்வதுதான் சரி; நானும் கேடியையே சொல்வேன். ஏற்கனவே என்ஜின்எக்ஸில் பத்து தளம் ஓடும் இடத்தில் 443-க்கு இன்னொருவரைக் கொண்டுவர முடியாது, அவர்களுக்காகத்தான் மேலே விரித்து எழுதினேன்.

---

திருவான்மியூர்_டெவ்

இதே இழையில் கேட்கலாமா? எங்களிடம் 443-ல் ட்ரேஃபிக் (Traefik) என்ற ரிவர்ஸ் ப்ராக்ஸி இருக்கிறது. மேலே சொன்ன என்ஜின்எக்ஸ் அமைப்பை அப்படியே எடுத்து ட்ரேஃபிக்கின் பின்னால் வைத்திருக்கிறோம், அதன் பின்னால் ரெஜிஸ்ட்ரி. லாகின், புல் சரி. புஷ் விழுகிறது. ரெஜிஸ்ட்ரியில் ரிலேட்டிவ் யூஆர்எல்ஸ் ட்ரூ போட்டதும் சிறிய இமேஜ் ஏறுகிறது, பெரியது சரியாக ஒரு நிமிடத்தில் அறுந்து "ரீட்ரையிங்" என்று முதலிலிருந்து போகிறது.

---

அண்ணாநகர்_எஸ்ஆர்இ

ரெண்டு தனித்தனி பிரச்சினை சார்.

முதலாவது: ட்ரேஃபிக் டிஎல்எஸ்ஸை முடிச்சுட்டு என்ஜின்எக்ஸுக்கு ஹெச்டிடிபில அனுப்புது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவை ஹெச்டிடிபிஎஸ்னு அது சரியாத்தான் வைக்குது. ஆனா என்ஜின்எக்ஸ்ல டாலர் ஸ்கீம் போட்டிருக்கீங்க. என்ஜின்எக்ஸ் பார்வையில ஸ்கீம் ஹெச்டிடிபி, அதனால நல்ல மதிப்பை அழிச்சு எழுதிடுது. ரிலேட்டிவ் யூஆர்எல்ஸ் போட்டா லொகேஷன்ல டொமைனே இல்லாம வெறும் பாதை மட்டும் வரும், அதனால தப்பிச்சுது.

ரெண்டாவது: ட்ரேஃபிக்கின் ரெஸ்பாண்டிங் டைம்அவுட்ஸ்ல ரீட் டைம்அவுட் முன்னாடி 0, அதாவது வரம்பில்லை. 2024-ல ஒரு பாதுகாப்புத் திருத்தத்தோட 2.11.2-லயும் 3.0-லயும் அதை 60 விநாடி ஆக்கிட்டாங்க. அது முழுக் கோரிக்கையையும், பாடி உட்பட, படிச்சு முடிக்கிற நேரம். 2 ஜிபி லேயர் 60 விநாடில ஏறணும்னா விநாடிக்கு 270 மெகாபிட்டுக்கு மேல வேணும். வைஃபைல பல நேரம் ஏறாது. வெப்செக்யூர் என்ட்ரிபாயின்ட்டுக்கு மட்டும் 0 போடுங்க. இல்லாட்டி 1800 விநாடி. மத்த சர்வீஸும் அதே என்ட்ரிபாயின்ட்ல இருந்தா 1800-தான் என் தேர்வு, மெதுவா பைட் பைட்டா அனுப்பி இணைப்பைப் பிடிச்சு வைக்கிற தாக்குதலுக்கு எதிராகத்தான் அந்த 60 வந்தது.

நடுவுல என்ஜின்எக்ஸை எடுத்துடுங்க. ட்ரேஃபிக்ல இருந்து நேரா ரெஜிஸ்ட்ரி 5000. ஒவ்வொரு கூடுதல் ப்ராக்ஸியும் ஒரு டைம்அவுட், ஒரு அளவு வரம்பு, ஒரு ஹெடர் குழப்பம்.

இதே காரணத்துக்காக கிளவுட்ஃப்ளேர் (இணையத்துல நடுவே நிக்கிற ப்ராக்ஸி சேவை) வழியா விடறவங்களும் கவனிக்கணும். இலவசத் திட்டத்துல ஒரு கோரிக்கையின் உச்சம் 100 எம்பி. டாக்கர் ஒரு லேயரை ஒரே கோரிக்கையாத்தான் தள்ளும், அதனால பெரிய லேயருக்கு 413 வரும், உங்க என்ஜின்எக்ஸ் லாக்ல ஒரு வரிகூட இருக்காது. அந்த ரெக்கார்டை ப்ராக்ஸி இல்லாம டிஎன்எஸ் மட்டும்னு மாத்திடுங்க.

---

பெருங்குடி_பில்ட்

நன்றி. கேடி போடுகிறேன், சர்வரில் வேறு எதுவும் இல்லை. லாகினை எங்கே வைப்பது? ப்ராக்ஸியிலா, ரெஜிஸ்ட்ரியிலா?

---

பூட்டுச்சாவி

ரெஜிஸ்ட்ரியிலேயே வைங்க. ப்ராக்ஸியை நாளைக்கு மாத்தினாலும், யாராவது தெரியாம 5000-ஐத் திறந்தாலும் பூட்டு அப்படியே இருக்கும். ஹெச்டிபாஸ்வேர்டு கோப்பு, ரெல்ம் பெயர், கோப்பின் பாதை, மூணு சூழல் மாறிதான்.

ரெஜிஸ்ட்ரி பிக்ரிப்ட் ஹாஷை மட்டும்தான் ஏத்துக்கும். ஹெச்டிபாஸ்வேர்டு கட்டளையில பெரிய பி ஆப்ஷன் போடாம உருவாக்கினா எம்டி5 வகைல வரும். சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் 401. கோப்பைத் திறந்தா ஒவ்வொரு வரியிலயும் கோலனுக்கு அடுத்து டாலர் 2ஒய் டாலர்னு தொடங்கணும். பழைய குறிப்புகள்ல ரெஜிஸ்ட்ரி இமேஜுக்குள்ளேயே இருக்கிற ஹெச்டிபாஸ்வேர்டை ஓட்டச் சொல்லுவாங்க. அதை எடுத்து வருஷங்கள் ஆச்சு. உபுண்டுல அப்பாச்சி2-யூட்டில்ஸ் பேக்கேஜ் போடுங்க.

ரெண்டு இடத்துலயும் பூட்டு போடாதீங்க. ரெண்டும் ஒரே ஆதரைசேஷன் ஹெடரைத்தான் படிக்கும், பெயரோ பாஸ்வேர்டோ வேறன்னா யாராலும் உள்ளே போக முடியாது.

---

கூவம்கரை

ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். ரெஜிஸ்ட்ரியின் ஹெச்டிபாஸ்வேர்டில் உரிமைப் பிரிவு கிடையாது. உள்ளே வந்த எவரும் புஷ் செய்யலாம். இருபது பேரும் ப்ரொடக்‌ஷன் டேக்கை மேலெழுத முடியும் என்பது எனக்கு ஒப்பவில்லை. சிஐ (தானியங்கி பில்ட் அமைப்பு) மட்டும் புஷ், மற்றவர்கள் புல் என்று வைக்க ப்ராக்ஸியில்தான் எளிது.

என்ஜின்எக்ஸில் பாஸ்வேர்டு கோப்பின் பெயரில் மாறி வைக்கலாம். மேப் பிளாக்கில் ரிக்வெஸ்ட் மெத்தட் கெட் அல்லது ஹெட் என்றால் புல் கோப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் புஷ் கோப்பு. புஷ் உரிமை உள்ளவர் இரண்டு கோப்பிலும் இருக்க வேண்டும். புஷ் நடக்கும்போதே லேயர் ஏற்கனவே இருக்கிறதா என்று ஹெட் கேட்கும், அது புல் கோப்பில் தேடப்படும். இந்த வழியில் போனால் டாக்கர்-டிஸ்ட்ரிப்யூஷன்-ஏபிஐ-வெர்ஷன் ஹெடரை ரெஜிஸ்ட்ரி/2.0 என்ற மதிப்போடு ஆல்வேஸ் சேர்த்து என்ஜின்எக்ஸே தர வேண்டும், 401 பதில் ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல் வருவதால். ரெஜிஸ்ட்ரியிலிருந்தே வரும் பதில்களில் இரட்டிக்காமல் இருக்க, மேல்நிலைப் பதிலில் அது காலியாக இருந்தால் மட்டும் சேர்க்கும்படி இன்னொரு மேப்.

கேடியிலும் மெத்தட் மேட்சர் வைத்து இதையே செய்யலாம்.

---

பூட்டுச்சாவி

சரி, உரிமைப் பிரிவு வேணும்னா அதுதான் வழி, ஒத்துக்கறேன். அப்போ 5000 லூப்பேக்கில மட்டும்னு நான் முதல்ல சொன்னது இன்னும் கட்டாயம் ஆகுது.

ஃபெயில்2பேன் (லாக் பார்த்து ஐபியைத் தடுக்கிற நிரல்) வைக்கறவங்களுக்கு: ஆக்சஸ் லாக்ல 401 எண்ணித் தடை போடாதீங்க. டாக்கர் முதல்ல பாஸ்வேர்டு இல்லாம வி2-ஐத் தட்டும், 401 வாங்கும், அப்புறம்தான் பாஸ்வேர்டோட வரும். நல்ல பயனருக்கே ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு 401 பதிவாகும். எரர் லாக்ல "பாஸ்வேர்டு மிஸ்மேட்ச்", "வாஸ் நாட் ஃபவுண்ட்" ரெண்டையும் மட்டும் எண்ணுங்க.

லேப்டாப் பக்கம், லாகின் செஞ்சா ஹோம் ஃபோல்டர்ல டாக்கர் கான்ஃபிக் ஜேசன்ல அதே பேஸ்64 உட்காந்திருக்கும். கிரெடென்ஷியல் ஹெல்பர் போடச் சொல்லுங்க. சிஐல பாஸ்வேர்டை கட்டளை வரியில எழுதாம பாஸ்வேர்டு-எஸ்டிடின் வழியா கொடுங்க, இல்லாட்டி ப்ராசஸ் பட்டியல்ல தெரியும்.

---

குரோம்பேட்டை_லினக்ஸ்

டொமைனே வாங்காமல் சொந்தமாக சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) உருவாக்கிச் சான்றிதழ் போடலாம் அல்லவா? உள் நெட்வொர்க்தானே.

---

அண்ணாநகர்_எஸ்ஆர்இ

முடியும். ஆனா வேலை சர்வர்ல இல்ல, கிளையன்ட்கள்ல பெருகும்.

ஒவ்வொரு லினக்ஸ் மெஷின்லயும் ஈடிசி, டாக்கர், சர்ட்ஸ்.டி, அதுக்குள்ள ஹோஸ்ட் பெயரிலேயே ஒரு ஃபோல்டர், உள்ளே சிஏ.சிஆர்டி. 443 இல்லாத போர்ட்னா ஃபோல்டர் பெயர்லயும் கோலன் போட்டு போர்ட் எண் வரணும். டேமனை ரீஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை. சிஆர்டி, சிஇஆர்டி ரெண்டு எக்ஸ்டென்ஷனையும் குழப்பாதீங்க: முதலாவது சிஏன்னு படிக்கும், ரெண்டாவது கிளையன்ட் சான்றிதழ்னு படிச்சு அதுக்கான சாவியைக் கேட்கும். மேக்ல கீசெயின்ல சேர்த்துட்டு டாக்கர் டெஸ்க்டாப்பை மறுபடி தொடங்கணும். சிஐல டாக்கர்-இன்-டாக்கர் ஓடினா ஹோஸ்ட்ல வச்ச கோப்பு உள்ளே தெரியாது, தனியா மவுன்ட் பண்ணணும். குபர்நெட்டீஸ் (கன்டெய்னர்களைப் பல மெஷின்ல நிர்வகிக்கிற அமைப்பு) நோட்ல கன்டெய்னர்டிக்கு இன்னொரு இடம்.

சான்றிதழ்ல எஸ்ஏஎன் (சப்ஜெக்ட்ஆல்ட்நேம், சான்றிதழ் செல்லும் பெயர்ப் பட்டியல்) இருந்தே ஆகணும். டாக்கர் கோ மொழியில எழுதினது, கோ 1.15-ல, 2020-ல, காமன் நேம் மட்டும் பார்க்கிற பழைய வழக்கத்தை நிறுத்திட்டாங்க. "ரிலைஸ் ஆன் லெகசி காமன் நேம் ஃபீல்டு"னு வந்தா அதுதான். ஓபன்எஸ்எஸ்எல் கட்டளையில ஆட்எக்ஸ்ட் ஆப்ஷன்ல சப்ஜெக்ட்ஆல்ட்நேம் கொடுங்க. ஐபியால கூப்பிடறதா இருந்தா டிஎன்எஸ்னு இல்லாம ஐபின்னு எழுதணும்.

டொமைனுக்கு வருஷத்துக்கு ஆகிற செலவு இந்த வேலையில ஒரு மணி நேரத்துக்குக் கூட வராது.

---

நாவலூர்_நெட்

வீட்டிலிருந்து வருபவர்களுக்கு. சிஜிநாட் பின்னால் சர்வர் இருப்பதால், பொது ஐபி உள்ள ஒரு சிறிய விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) வயர்கார்டு என்ற விபிஎன் வைத்து, அலுவலக சர்வரும் லேப்டாப்களும் அதில் சேரும்படி செய்யுங்கள். ஏ ரெக்கார்டை வயர்கார்டு ஐபிக்குக் காட்டலாம். சான்றிதழ் டிஎன்எஸ்-01 என்பதால் எந்த ஐபியானாலும் செல்லும். அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு உள் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு லேன் ஐபி கொடுங்கள், இல்லையென்றால் பக்கத்து மேசைக்குப் போகும் 2 ஜிபி விபிஎஸ் வழியாகச் சுற்றி வரும். அலுவலக சர்வர் வயர்கார்டு அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 வையுங்கள், நாட் அட்டவணையிலிருந்து இணைப்பு உதிராமல் இருக்க.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) கவனம். வயர்கார்டு இயல்பாக 1420 எடுத்துக்கொள்ளும், அது 1500-லிருந்து 80 கழித்தது. பிபிபிஓஇ இணைப்பில் அடிப்படை 1492, எனவே 1412 வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிங் போகும், டிஎல்எஸ் கைகுலுக்கலிலோ புஷ்ஷின் நடுவிலோ எந்தப் பிழையும் சொல்லாமல் தொங்கும். ஒரு வீட்டில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

---

பெருங்குடி_பில்ட்

கேடி ஓடுகிறது, பாஸ்வேர்டு போட்டாயிற்று, 5000 வெளியே மூடியிருக்கிறது. எல்லாம் சரி என்று உறுதிசெய்ய என்னென்ன சோதிக்க வேண்டும்?

---

கூவம்கரை

வேறு மெஷினிலிருந்து வி2 பாதைக்குக் கர்ல். கடைசிச் சாய்கோடு சேர்த்து. பாஸ்வேர்டு இல்லாமல் 401, அதில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதென்டிகேட் ஹெடர் இருக்க வேண்டும். பாஸ்வேர்டோடு 200, உள்ளே வெற்று நெளிவடைப்பு {}.

அடுத்து லொகேஷன். ஏதாவது ஒரு இமேஜ் பெயருக்கு ப்ளாப்ஸ் அப்லோட்ஸ் பாதையில் பாஸ்வேர்டோடு ஒரு வெற்று போஸ்ட் அனுப்புங்கள். 202 வரும்; லொகேஷன் ஹெடர் ஹெச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குகிறதா, ஹோஸ்ட் பெயர் சரியா என்று கண்ணால் பாருங்கள். ஒரு பைட் லேயர் அனுப்பாமலே புஷ்ஷின் பாதி ஆபத்து தெரிந்துவிடும்.

பிறகு பெரிய லேயர். டிடி கட்டளையால் 2 ஜிபி கோப்பு உருவாக்கி ஒரு இமேஜில் காப்பி செய்து புஷ் செய்யுங்கள். டெவ் ஜீரோவிலிருந்து எடுக்காதீர்கள். லேயர் ஜிஜிப்பில் சுருங்கிப் போகும், வெறும் 2 எம்பி அளவுக்கு ஆகிவிடும், எதையும் சோதித்ததாகாது. யூரேண்டம்தான் எடுக்க வேண்டும். இதை வயர்கார்டு வழியாக ஒருமுறை, லேன் வழியாக ஒருமுறை.

---

அண்ணாநகர்_எஸ்ஆர்இ

புதுப்பித்தலையும் இப்பவே பாருங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பறதை 2025 ஜூனோட நிறுத்திட்டாங்க, அதை நம்பி இருக்க முடியாது. சான்றிதழ் ஆயுளும் குறைஞ்சுக்கிட்டே வருது. எல்லா பொது சிஏவுக்கும் 2029 மார்ச் 15 முதல் உச்சம் 47 நாள். கையால புதுப்பிக்கிற காலம் போச்சு.

கேடி தானே பார்த்துக்கும். என்ஜின்எக்ஸ் ஆட்கள்: சர்ட்பாட் கோப்பைப் புதுப்பிச்சாலும் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகற வரைக்கும் பழைய சான்றிதழைத்தான் நினைவுல வச்சுக் கொடுக்கும். ரினியூவல்-ஹுக்ஸ் ஃபோல்டருக்குள்ள டிப்ளாய்ல ரீலோட் கட்டளையை வைங்க. என்ஜின்எக்ஸ் கன்டெய்னர்ல இருந்தா லைவ் ஃபோல்டரை மட்டும் மவுன்ட் பண்ணாதீங்க. அதுல இருக்கிறது எல்லாம் ஆர்க்கைவ் ஃபோல்டரைக் காட்டுற சிம்லிங்க், உள்ளே உடைஞ்சு நிக்கும். லெட்ஸ்என்க்ரிப்ட் ஃபோல்டரை முழுசா மவுன்ட் பண்ணுங்க.

கண்காணிப்புக்கு டிஸ்க்ல இருக்கிற கோப்பின் தேதியைப் பார்க்காதீங்க. ஓபன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட்டால 443-ல இணைஞ்சு, உண்மையில பரிமாறப்படற சான்றிதழின் முடிவுத் தேதியை எடுங்க. 20 நாளுக்குக் கீழ போனா எச்சரிக்கை.

---

பெருங்குடி_பில்ட்

போஸ்ட் 202, லொகேஷன் ஹெச்டிடிபிஎஸ். 2 ஜிபி யூரேண்டம் லேயர் லேனில் ஏறியது. வீட்டு இணைப்பு ஒன்றில் மட்டும் தொங்கியது, எம்டியூ 1412 வைத்ததும் ஏறியது. கடைசியாக இரண்டு: குபர்நெட்டீஸ் நோட்களில் ஏதாவது செய்ய வேண்டுமா? பழைய இமேஜ்களை அழித்தால் இடம் திரும்ப வருமா?

---

அண்ணாநகர்_எஸ்ஆர்இ

பொதுச் சான்றிதழ்ங்கறதால நோட்ல ஒண்ணும் வேண்டாம். டாக்கர் ரெஜிஸ்ட்ரி வகை சீக்ரெட் ஒண்ணு உருவாக்கி இமேஜ் புல் சீக்ரெட்ஸ்ல கொடுங்க. சீக்ரெட் ஒரு நேம்ஸ்பேஸுக்குள்ள மட்டும்தான் செல்லும், ஒவ்வொண்ணுக்கும் தனியா வைக்கணும். சர்வர் அட்ரஸ்ல இமேஜ் பெயரில் இருக்கிற அதே ஹோஸ்ட். புல் மட்டும் உள்ள பயனரைக் கொடுங்க, சிஐ பயனரைக் கொடுக்காதீங்க.

---

கூவம்கரை

அழிக்க, ஸ்டோரேஜ் டிலீட் எனேபிள்ட் ட்ரூ இருக்க வேண்டும். இல்லையென்றால் 405 வரும். அழித்தாலும் மேனிஃபெஸ்ட் தொடர்புதான் போகும், லேயர் டிஸ்க்கிலேயே இருக்கும். இடம் திரும்பக் கார்பேஜ்-கலெக்ட் கட்டளையை ஓட்ட வேண்டும். அது ஓடும்போது புஷ் நடந்தால், அப்போதுதான் ஏறிய லேயரை யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைத்து அழித்துவிடக்கூடும். எனவே ரெஜிஸ்ட்ரியை ரீட்ஒன்லி ஆக்கிவிட்டு அல்லது நிறுத்திவிட்டு, அதே வால்யூமோடு ஒரு தற்காலிகக் கன்டெய்னரில் ஓட்டுங்கள். முதலில் ட்ரை-ரன் ஆப்ஷனோடு. கான்ஃபிக் கோப்பின் பாதை 2-ல் ஈடிசிக்குள் டாக்கர் ரெஜிஸ்ட்ரி ஃபோல்டர். 2025-ல் வந்த 3-ல் ஈடிசிக்குள் டிஸ்ட்ரிப்யூஷன் ஃபோல்டர். பதிப்பை உயர்த்தும்போது உங்கள் மவுன்ட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள், இல்லாவிட்டால் டிலீட் அமைப்பு உட்பட எல்லாம் இயல்பு மதிப்புக்குப் போய்விடும்.